யாரும் ஓடக் கூடாது

அண்ணன் மகன் மணலில் விழுந்து எழுந்த விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மரக்காணத்துக்குச் சற்றுத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து கடல் தொடங்கும் ஓர் இடம். வேனிலிருந்து இறங்கியதும் மற்ற குழந்தைகள் செருப்பை உதறிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். அவனும் ஓடினான். குதிகால் தரையில் படாமல், வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடியவன் பாதி வழியில் விழுந்தான். அழவில்லை. முதலில் இரண்டு கைகளையும் மணலில் ஊன்றினான். பிறகு முழங்காலைப் பிடித்தான், பிறகு தொடையை. தன் உடம்பின் மேல் தானே ஏறுகிறவனைப்போல் மெல்ல மெல்ல நிமிர்ந்து நின்றான். "இன்னாடா, கெய்வனாட்டம் எழுந்துக்கிற?" என்று வேன் டிரைவர் சிரித்தார். எங்களுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அவனுக்கு ஐந்து வயது இருக்கும்.

அண்ணன் ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்தவர். தறிக்காரர்களிடம் சேலை எடுத்து வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். நான் போளூரில் வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை அவன். கடலிலிருந்து திரும்பிய அடுத்த வாரமே வேலூருக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழக்கிற நோய் என்றார் டாக்டர். முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூச்சு. குணமாக்க வழியில்லை. அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அண்ணன்தான் விடாமல், "நாங்க இன்னாதான் பண்றது, சொல்லுங்க சார்" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். "நடக்கிற வரைக்கும் நடக்க வைங்க. களைச்சுப் போகாம, விழுந்தாலும் அடிபடாத இடமா பாத்து நடக்க வைங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போகிற போக்கில் சொன்னதாகக்கூட இருக்கலாம். அண்ணன் அதை மருந்தாக எடுத்துக்கொண்டார்.

அப்படி ஓர் இடம் ஆரணியில் இல்லை. தெருவில் மோட்டார் பைக்குகள், மூடாத கால்வாய்கள். ஏரிக்கரையில் சரளைக்கல்லும் முள்ளும். சந்தவாசல் தாண்டி மலையடிவாரத்துக்கு அழைத்துப்போனார். மேடும் பாறையுமாக இருந்தது, பையன் முழங்கால் கிழிந்து திரும்பினான். அப்போதுதான் அண்ணனுக்கு அந்தக் கடற்கரை நினைவுக்கு வந்திருக்கிறது. அலை வந்து போன ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் விழுந்தால் வலிக்காது. தோப்புக்குள்ளே சவுக்கு இலைகள் உதிர்ந்து உதிர்ந்து மெத்தை போட்டிருக்கும்.

அதன்பிறகு லீவு வந்தால் போதும், அண்ணன் வேன் பிடித்துவிடுவார். அவர் குடும்பம், என் குடும்பம், அண்ணியின் தம்பி குடும்பம். விடியும்போது கிளம்பி, தேசூர், வந்தவாசி, திண்டிவனம் என்று போய் வெயில் ஏறுவதற்குள் கடலில் இருப்போம். மீனவர் குப்பத்திலிருந்து கரையோரமாகவே வடக்கே நடந்தால் கழிவெளி ஏரித் தண்ணீர் கடலில் கலக்கிற முகத்துவாரம் வரும். அங்கே கொக்கும் நாரையுமாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தோப்பு நிழலில் திரும்பிவந்து புளிசாதம் சாப்பிடுவோம். இதற்கு அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார்: யாரும் ஓடக் கூடாது. பையனுக்கு முன்னால் ஒருத்தரும் போகக் கூடாது. "வேகமா நடந்தா கடலு கண்ணுக்குத் தெரியாது" என்பார். என் பெண்கள் முதலில் முரண்டு பிடித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். குழந்தையும் பெரியவருமாக அத்தனை பேரும் ஆமைபோல நகர்ந்து போவோம். மனிதர்கள் எல்லோருமே இவ்வளவு மெதுவாகத்தான் நடப்பார்கள் என்று அவன் நினைக்க வேண்டும் என்பதுதான் அண்ணனின் எண்ணம். சில வருடங்கள் அவன் அப்படித்தான் நினைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த நடை வருடத்துக்கு வருடம் குறுகியது. ஒரு கோடை விடுமுறையில் முகத்துவாரம் வரை போக முடியவில்லை. கரையேற்றி வைத்திருந்த உடைந்த படகு வரைக்கும் போய்த் திரும்பினோம். அடுத்த முறை அந்தப் படகுக்கும் போகவில்லை. அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார். வெயில் அதிகம், இல்லாவிட்டால் அலை ஏறிவருகிறது. ஒருநாள் மணலில் உட்கார்ந்திருந்த பையன் வடக்கே பார்த்தபடி, "நைனா, முகத்துவாரம் தூரமா போய்க்கினே இருக்குது" என்றான். அண்ணன் அவன் பக்கம் திரும்பாமல், "ஆமாண்டா, மணலு சேந்துகினே போவுதில்ல" என்றார். அவன் அப்பாவுக்காக அதை நம்புகிறவன்போல் தலையாட்டினான். அண்ணி எழுந்து தோப்புக்குள் போய்விட்டார்.

ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. கொஞ்ச காலம் அண்ணன் அவனை முதுகில் சுமந்து கடலுக்குக் கொண்டுபோனார். அவன் வளர்ந்தான், அண்ணனின் இடுப்பு விட்டுப்போனது. பிறகு நாற்காலியையே தள்ளிப் பார்த்தார். தோப்பு மண்ணில் எப்படியோ நகர்ந்தது. கடலுக்கு முன்னால் ஒரு மணல்மேடு இருந்தது, அதில் சக்கரம் புதைந்துகொண்டது. அண்ணன் சேலைக் கட்டு சுற்றிவருகிற கோணிகளை வேனில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவற்றை வரிசையாக விரித்து அதன்மேல் தள்ளினார்கள். கடந்துபோன கோணியை எடுத்து முன்னால் போட வேண்டும். என் கணவர், அண்ணியின் தம்பி, டிரைவர் என்று எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க ஓடினார்கள். பாதி மேட்டில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்ணன் முட்டி போட்டு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போதும் நைனா, வண்டியத் திருப்பு" என்றான் பையன்.

"இன்னும் கொஞ்சந்தான்டா ராஜா. ஜல்தியா போய்டலாம்."

"வேணாம் நைனா. எல்லாரும் எனக்கோசரம் பேஜாரா கோணி தூக்கிகினு கீறாங்கோ. நா இனிமே வரல."

கோபமாகச் சொல்லவில்லை. பெரிய மனிதன் ஒருவன் யோசித்து முடிவெடுத்ததுபோல் சொன்னான். அதன்பிறகு நாங்கள் கடலுக்குப் போகவில்லை. அண்ணன் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார், அவன் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டான். வீட்டில் ஜன்னலோரமாக இருந்து படித்தான். கை தூக்க முடியாமல் போனது. ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது. வேலூருக்குக் கொண்டுபோன பையனை வீட்டுக்கு உயிரோடு கொண்டுவர முடியவில்லை.

அண்ணன் நடப்பதை நிறுத்திவிட்டார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்துத் தெருவுக்கும் பைக்கில் போனார். பிறகு வியாபாரத்தை விட்டார். பிறகு வாசலுக்கும் வருவதில்லை. கூடத்தில் ஒரு நாற்காலி, அதிலேயே பகல் முழுக்க. சர்க்கரை ஏறியது. நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், எங்கள் வீட்டு விவரம் தெரியாதவர். "மாத்திரை மட்டும் பத்தாதுங்க, தினமும் நல்லா நடக்கணும்" என்றார். அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்தார். மகன் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இந்தப் பொங்கல் லீவில் அண்ணிதான், "ஒரு வாட்டி அந்தக் கடலப் பாத்துட்டு வந்துடலாம்மா" என்று என்னிடம் கேட்டார். அண்ணன் மறுப்பார் என்று நினைத்தோம். அவர் வந்து வேனில் ஏறிக்கொண்டார். தோப்பு ஓரத்தில் வண்டி நின்றதும்தான் பார்த்தோம். மரங்களுக்கு நடுவிலிருந்து மணல்மேட்டின் மேலாக, அலை வரைக்கும் மரப்பலகையால் ஒரு பாதை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி. முகப்பில் சக்கர நாற்காலிப் படம் எழுதிய நீல நிறப் பலகை.

இளநீர்க்காரர் ஒருவர் அருகில் வந்தார். "போன வருசம் போட்டாங்க. நடக்க முடியாதவங்கள்லாம் இப்ப ஜோரா வந்து பாத்துட்டுப் போறாங்க" என்றார். அண்ணி வேனின் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் இறங்கினார். யாரையும் கூப்பிடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனார். அங்கே நிற்காமல் அப்படியே திரும்பினார். கடலை அவர் நிமிர்ந்து பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் வந்தபோது முகத்தில் அழுகை எதுவும் இல்லை. கொள்முதல் செய்த சரக்கைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார்:

"நல்லா போட்டுகீறாங்கம்மா. எங்கியும் மேடு பள்ளம் இல்ல. வண்டி தாராளமா போவும்."

அவர் கையைப் பிடித்தேன். அது சில்லென்று இருந்தது. குழந்தைகள் சிலர் எங்களைத் தாண்டி அந்தப் பலகைமேல் தடதடவென்று கடலைப் பார்த்து ஓடினார்கள். அண்ணன் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு போய் வேனில் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார். சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை. வந்தவாசியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். அண்ணன் இறங்கவில்லை.