கோட்டைக்கு இரண்டரை மணி நேரம்

அலுவலகத்தில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் கை கழுவப் போய்த் திரும்புவதற்குள் "கடிகாரம் எங்கப்பா?" என்று மேலாளர் கேட்பது பலமுறை காதில் விழுந்திருக்கிறது. அவளுக்கு அதில் கோபமில்லை. அவள் வேலையே அதுதான். சுற்றுலா நிறுவனத்தின் வேனில் கிளம்புகிறவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, எங்கே சாப்பிடுவது, எந்த வளைவில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வது என்று ஒரு தாளில் போட்டுக் கொடுப்பாள். இருபத்தாறு வருடம், ஜன்னல் இல்லாத ஒரே அறை. எதிர்ச்சுவரில் கடற்கரைச் சாலையின் வரைபடம். அவள் விரல் பட்டுப் பட்டு சாலை வெளுத்து, கடல் எது கரை எது என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சாலை முடிகிற மேட்டில் கோட்டை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு ஒன்பது நிமிடம். நூற்றெண்பத்தேழு படி. ஆயுத அறை பதினைந்து நிமிடம், கைதிகளின் அறை பத்து, மேல்மாடிக்கு முக்கால் மணி. அவசரமில்லாமல் பார்க்க மொத்தம் இரண்டரை மணி நேரம் வேண்டும். எல்லாம் மனப்பாடம். ஒரே குறை, அவள் அந்தக் கோட்டைக்குள் கால் வைத்ததில்லை.

போகக்கூடாது என்றில்லை. முதல் தடவை கிளம்பியபோது அப்பாவுக்கு ஆபரேஷன். அடுத்த தடவை தம்பிக்குப் பெண் பார்க்கப் போனார்கள். மூன்றாவது தடவை தம்பி மனைவிக்குப் பிரசவம். அக்கா இருந்தால்தான் ஆகும் என்று தம்பி காலைப் பிடிக்காத குறை. திட்டம் போடுகிறவர்கள் இடத்தை நேரில் பார்த்து வர வேண்டும் என்று நிறுவனம் வருடத்துக்கு ஒருவரை அனுப்பும். வருடா வருடம் அந்த ஒருவர் மேலாளராகவே இருந்தார்.

கோட்டையின் மேல்மாடி ஜன்னலைப் பற்றித் திரும்பி வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதில் கடல் முழுக்கத் தெரிகிறது என்றார் ஒருவர். கடலாவது ஒன்றாவது, வெறும் மதில்சுவர்தான் என்றார் இன்னொருவர். ஒரு கல்லூரிப் பேராசிரியை, "அங்க நின்னா அழுகை வருதுங்க, ஏன்னு கேக்காதீங்க" என்றாள். கடிகாரம் மூன்றையும் கேட்டுத் தலையாட்டி, தாளில் "மேல்மாடி 45 நிமிடம்" என்று மட்டும் போடுவாள்.

அவள் தாள்களில் ஒரு தந்திரம் உண்டு. கோட்டையில் மூன்று மணிக்குக் கடைசி அனுமதி. அதற்குமேல் ராஜாவே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் வாடிக்கையாளர் தாளில் இரண்டரை என்றுதான் இருக்கும். உண்மையைச் சொன்னால் ஜனங்கள் அதற்கும் பத்து நிமிடம் பிந்தி வந்து நிற்பார்கள் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. எல்லாக் கதவுகளும் அவள் தாளில் அரை மணி முன்னதாகவே மூடும். ஒருத்தர்கூட வாசலில் ஏமாந்து நின்றதில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, இந்த டிரிப் முழுக்க உனக்காக. நீ எங்க போகணும்னு சொல்லு, அங்க போறோம்."

"கோட்டை."

"அவ்வளவுதானா? சரி, நீயே பிளான் போட்டுடு. உன்ன விட்டா யாரு?"

மூட்டு மருத்துவரிடம் அடுத்த மாதம் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தாள். இரண்டு முழங்காலுக்கும். அப்புறம் மாடிப்படியையே மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நூற்றெண்பத்தேழு படியை இப்போதே ஏறினால்தான் உண்டு. இதைத் தம்பியிடமும் சொன்னாள். "தெரியாதா எனக்கு? அதனாலதானே கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாள் போட்டாள். ஆறரைக்குக் கிளம்புவது. அணைக்கட்டு மேட்டில் இருபது நிமிடம். பதினொன்றுக்கே சாப்பாடு. பன்னிரண்டுக்குக் கோட்டை. ராத்திரி அடுத்த ஊரில் தங்கல். கை பழக்கத்தில் "கடைசி அனுமதி 2.30" என்று எழுதியது. எழுதியதைப் பார்த்தாள். சொந்தத் தம்பியிடம் என்ன பொய் வேண்டிக் கிடக்கிறது என்று அடித்துவிட்டு "3.00" என்று போட்டு, கீழே கோடும் இழுத்தாள். வாழ்நாளில் அவள் போட்ட ஒரே உண்மையான தாள் அது.

கிளம்பிய அன்று வேன் வாசலில் ஆறே காலுக்கே வந்து நின்றது. தம்பி அவளுடைய பழைய நிறுவனத்திலேயே எடுத்திருந்தான். ஓட்டுநரைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் தாளை வைத்து ஓட்டுகிறவர்.

"அக்கா! நீங்களா? உங்களுக்கே நான் ஓட்டுற பாக்கியமா?"

"தாளப் பாத்துக்கங்க தம்பி. கோட்டைதான் முக்கியம். மத்ததெல்லாம் போனாலும் போகட்டும்."

"உங்க தாள எனக்கா சொல்லித் தரணும்?" என்று அதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஆறரைக்கு அவள் மட்டும்தான் வண்டியில் இருந்தாள். ஏழரைக்குத் தம்பி மகள் ஈரத் தலையோடு வந்தாள். தம்பி மனைவி ஒரு செருப்போடு வந்து, அது கல்லில் குத்தும் என்று திரும்பிப் போய், வேறு செருப்போடு வந்தாள். அவளுடைய அம்மாவான சம்பந்தியம்மாவை, அவர் வருவதாகத் தாளில் இல்லை, இரண்டு பேர் தாங்கி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள்.

"அம்மா தனியா இருப்பாங்களே அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "நீங்க இருக்கீங்கல்ல, பாத்துக்குவீங்கன்னு தைரியமா கூட்டிட்டு வந்துட்டேன்."

அணைக்கட்டு மேட்டில் இருபது நிமிடம் ஐம்பது ஆயிற்று. தம்பி மகள் பாறைமேல் ஏறி நின்று, இறங்கி, படத்தைப் பார்த்து, முகம் சரியில்லை என்று மறுபடி ஏறினாள்.

"கண்ணு, போதும்டா. தண்ணி எங்கயும் ஓடிடாது."

"அத்த, ப்ளீஸ், நீங்க ஆபீஸ் மாதிரி விரட்டாதீங்க. இது ஹாலிடே."

"அவளுக்கு விரட்டலேன்னா தூக்கம் வராது," என்று தம்பி சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைக்க அரை மணி. சம்பந்தியம்மாவுக்கு உறைப்பு ஆகாது என்று தனியாகச் சமைத்து வர இன்னும் அரை மணி. கடிகாரம் தன் தட்டை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். போன பொழுதை மனதுக்குள் கோட்டையிலிருந்து கழித்தாள். கைதிகளின் அறை போனது. ஆயுத அறையும் போகட்டும். நேரே மேல்மாடிக்கு ஏறிவிடலாம். ஒன்றரை மணி நேரம் போதும். பிறகு ஒரு மணி நேரம் போதும். இரண்டரை மணி நேரத்தைக் கண்ணெதிரே ஆளுக்கொரு வாயாகக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோட்டைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கையில், சாலையோரம் தொப்பிக் கடைகள் வரிசையாக வந்தன. மணி ஒன்று ஐம்பது. சம்பந்தியம்மாவுக்கு அவசரமாக இறங்க வேண்டியிருந்தது. கடிகாரம்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். அந்த நேரத்தில் தம்பி மனைவி தொப்பிகளைப் பார்த்துவிட்டாள். தம்பி ஓட்டுநரிடம் கேட்டான்:

"நேரம் இருக்கா?"

ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார்.

"தாராளமா இருக்கு சார். பொறுமையா வாங்குங்க."

அவள் திரும்பி வந்தபோது வேனில் யாருமில்லை. கடை கடையாகத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவதற்குள் இரண்டரை.

"தம்பி, கொஞ்சம் மிதிங்க."

"கவலய விடுங்கக்கா. கொண்டு போய்ச் சேத்துடுவேன்," என்று கண்ணாடியில் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஏன் சிமிட்டுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

மூன்று பத்துக்கு வேன் மேட்டில் நின்றது. அவள் யாருக்கும் காத்திராமல் இறங்கி நடந்தாள். ஒன்பது நிமிட வழியை முழங்கால் இரண்டும் எரிய எரிய ஏழு நிமிடத்தில் கடந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. குறுக்கே ஒரு சங்கிலி. பக்கத்தில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போனவர்கள் படிகளில் ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"மூணு மணியோட முடிஞ்சுதும்மா."

"தெரியும்," என்றாள். வேறு என்ன சொல்வது? அந்த விதியை ஆயிரக்கணக்கான பேருக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

பின்னாலேயே மற்றவர்களோடும் ஓட்டுநரோடும் வந்த தம்பி காவலாளியிடம் முதலில் கெஞ்சினான், பிறகு அதட்டினான். அவர் எதற்கும் அசையவில்லை. உடனே ஓட்டுநர் பக்கம் திரும்பி, அவர் சட்டைப்பையிலிருந்த தாளை உருவிப் பார்த்தான்.

"நேரம் இருக்குன்னு நீதானய்யா சொன்ன? படிக்கத் தெரியுமா தெரியாதா? மூணுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, கீழ கோடு வேற. உன் கம்பெனிக்கு எழுதறேன் பாரு. நாளைக்கு நீ எப்படி வண்டி எடுக்கறேன்னு பாக்கறேன்."

ஓட்டுநரின் முகம் செத்துவிட்டது. அவர் தம்பியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க மூணுன்னு போட்டா... மூணரைதானக்கா?" என்றார் மெதுவாக. "எப்பவும் அப்படித்தானே? நாங்க எல்லாரும் அரை மணி கூட்டித்தானே ஓட்டுவோம்?"

இத்தனை வருடமாக ஓட்டுநர்கள் எந்த அரை மணியில் டீ குடிக்கிறார்கள், எந்த அரை மணியில் கண்ணயர்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் பொய்யைத் தான் மட்டும்தான் அறிந்திருந்ததாக நினைத்திருந்தாள். பொய்யை அறிந்து நேரத்துக்கு ஓட்டினவர், உண்மையை நம்பாமல் பிந்திவிட்டார். அவர்மேல் என்ன குற்றம்?

"அவர விடுடா," என்றாள். "தப்பு என்னோடது."

முழுவதையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் தம்பியின் முகத்தில் இறுக்கம் கழன்று சிரிப்பு வந்துவிட்டது.

"அடிப்பாவி! இருபத்தாறு வருஷமா ஊரையே ஏமாத்திட்டு, கடைசில நீயே மாட்டிக்கிட்டியா?"

"அத்த, செம காமெடி," என்றாள் தம்பி மகள்.

"நான்கூட நாமதான் லேட் பண்ணிட்டோமோன்னு பயந்தே போயிட்டேன் அண்ணி," என்றாள் தம்பி மனைவி, புதுத் தொப்பியைச் சரிசெய்தபடி. "சரி விடுங்க. உள்ள என்ன இருக்கப் போகுது? பழைய ரூமுங்கதானே."

அவ்வளவுதான். ஈரத் தலை, செருப்பு, பாறை, தொப்பி எல்லாம் ஒரே நொடியில் மன்னிக்கப்பட்டன. கோட்டைச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவளையும் நடுவில் நிறுத்தினார்கள்.

வேனுக்குத் திரும்பியதும் அவள் சொன்னாள்: "கீழ ஊர்ல தங்கற இடம் இருக்கு. நான் இங்க இருந்துடறேன். காலைல ஒன்பதுக்குத் திறப்பாங்க. பாத்துட்டு பஸ்ல வந்துடறேன். நீங்க போங்க."

"இப்ப எதுக்கு இந்த நாடகம்?" என்றான் தம்பி. "உனக்காகத்தானே எல்லாரும் கிளம்பி வந்தோம்? உன்ன விட்டுட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் பையை மட்டும் எடுத்துக் குடுங்க."

ஓட்டுநர் பின்கதவைத் திறந்தார். முதலில் ஏறியது அவள் பை. ஆகவே அடியில் கிடந்தது. அவர் ஒவ்வொன்றாய் எடுத்துத் தரையில் வைத்தார். தம்பி மகளின் இரண்டு பெட்டி, தம்பி மனைவியின் பெரிய பெட்டி, தொப்பிகள் இருந்த பொட்டலம், சம்பந்தியம்மாவின் மடக்கு நாற்காலி. தம்பி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுடைய நீலப் பையின் கைப்பிடி கண்ணுக்குத் தெரிந்தது.

"காத்து குளுகுளுன்னு அடிக்குது," என்றார் சம்பந்தியம்மா முன்சீட்டிலிருந்து. "அந்தக் கதவ யாராவது மூடுங்களேன். ராத்திரிக்கு எனக்கு மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பா?"

தம்பி மனைவி எங்கோ பார்த்தாள். தம்பி மகள் செல்போனைப் பார்த்தாள்.

ஓட்டுநர் பையின் கைப்பிடியில் கையை வைத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுங்கள் அக்கா, இழுத்துவிடுகிறேன் என்பதுபோல.

"வையுங்க தம்பி," என்றாள். "மறுபடி ஏத்திடுங்க."

அவர் ஏற்றினார். அவள் தானும் குனிந்து மடக்கு நாற்காலியை எடுத்துக் கொடுத்தாள்.