போட்டோக்கொப்பிக் கடை றுவைஸ்

முஹம்மது றுவைஸ், வயது முப்பத்தொன்பது. பிறந்த ஊர் கிண்ணியா, மணமுடித்த ஊர் இறக்கக்கண்டி. திருகோணமலை உட்துறைமுக வீதியில் கடை திறந்தது 2014 பெப்ரவரியில். போட்டோக்கொப்பி இயந்திரம் வாங்கியது அதே மாதத்தில். இயந்திரம் பழுதானது 2021 நவம்பரில். 2025 ஓகஸ்ட் மாதம்வரை அது திருத்தப்படவில்லை. ஆயினும் கடையின் பலகையில் இன்றும் ‘போட்டோக்கொப்பி’ என்றே இருக்கிறது.

வீதியில் புதிதாக ஒரு பெயர்ப்பலகை ஏறினால் றுவைஸின் மோட்டார் சைக்கிள் தானாக நின்றுவிடும். தலைக்கவசத்தைக் கழற்றமாட்டார். ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, பலகையிலுள்ள பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்ப்பார். அந்தப் பெயரில் இணைய முகவரியை எவரும் பதிவு செய்யவில்லையென்றால் “கிடக்கு” என்பார். எவரேனும் பதிவு செய்திருந்தால் “போயிட்டு” என்பார். லொறிகளின் நெற்றி, கலியாண அட்டை, மீன் ஐஸ் பெட்டியின் மூடி, எதுவும் அவர் பார்வைக்குத் தப்புவதில்லை. கிடக்கும் பெயர்களுள் நன்றாகத் தோன்றுபவற்றை ஆண்டுக் கட்டணம் செலுத்தித் தம் பெயரில் எழுதிக்கொள்வார். பின்னர், அப்பெயர் தேவைப்படும் ஒருவர் வரும்வரை காத்திருப்பார். இதுவே அவர் தொழில். பழுதான இயந்திரம் பூப்போட்ட மேசைவிரிப்பின் கீழ் நின்று அத்தொழிலுக்கு மரியாதை தேடிக்கொடுக்கிறது.

தொழிலுக்கு அவர் விதித்துக்கொண்ட எல்லைகள் உண்டு. தனி மனிதரின் பெயரைத் தொடுவதில்லை. பள்ளிவாசல், கோயில் பெயர்களையும் தொடுவதில்லை. இறந்தவர் நடத்திய கடையின் பெயரை ஓராண்டு கழியாமல் எடுப்பதில்லை. இவ்வளவு ஒழுங்கைக் கடைப்பிடித்தும் நகரம் அவரை ஒரு வகைக் களவாளியாகவே கருதுகிறது.

எதிர்வீட்டுத் தனஞ்சயன் மாஸ்டர் இதைப் பலமுறை அவரிடமே சொல்லியிருக்கிறார். மாஸ்டர் 2010 இல், வீதி திருத்தப்படுமுன், நிலாவெளியில் மூன்று துண்டுக் காணி வாங்கி முட்கம்பி அடித்து, விலை ஏறட்டுமென விட்டிருப்பவர்.

“தம்பி, நீர் செய்யிறது சூதாட்டம். மற்றவனுக்குத் தேவை வரும் எண்டு தெரிஞ்சுகொண்டு முன்னுக்கே போய் மடக்கி வைக்கிறீர்.”

“காணிக்குப் புல்லு வெட்டிட்டீங்களா மாஸ்டர்? போன கிழமை பாத்தன், உங்கட ‘விற்பனைக்கு’ பலகையையே புல்லு மறைச்சிட்டு.”

“அது முதலீடு. காணி கண்ணுக்குத் தெரியுது.”

“உங்கட பலகை தெரியேல்லையே.”

மாஸ்டரின் அபிப்பிராயம் றுவைஸைப் பாதிப்பதில்லை. அவர் மனத்தில் தைத்திருப்பது மாமனார் அலியாரின் ஒரு வாக்கியம். இறக்கக்கண்டிக் கரைவலைச் சங்கத்தின் தலைவரான அலியார் மருமகனை எவருக்கு அறிமுகப்படுத்தினாலும், “டவுன்ல போட்டோக்கொப்பிக் கடை வச்சிருக்கிறார்” என்பார். பெயர் விற்பவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மணமாகிப் பதினோராண்டு ஆகியும் அலியார் அந்தக் கடைக்குள் வந்து ஒரு கதிரையில் அமர்ந்ததில்லை. வந்தால் ஏதேனும் கொப்பி எடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் அஞ்சியிருக்கலாம்.

2019 இல் றுவைஸ் பதிந்துகொண்ட பெயர்களுள் ஒன்று, இறக்கக்கண்டியின் பெயரும் ‘பீச்’ என்ற சொல்லும் சேர்ந்த முகவரி. ஆறாண்டுகள் அதனை ஒருவரும் கேட்கவில்லை. 2025 ஏப்ரலில் கொழும்பிலுள்ள ஒரு ஹோட்டல் நிறுவனம் கேட்டது. சொன்ன விலைக்குப் புதிய ஓட்டோ ஒன்று வாங்கலாம். றுவைஸ் அன்றே மனைவி ஸஹ்ராவிடம் சொன்னார். ஸஹ்ரா உம்மாவிடம் சொன்னாள். மறுநாள் நண்பகல் லுஹர்த் தொழுகைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

சங்கம் மே மாதத்தில் அவரை அழைத்தது. கடற்கரையில் மீனவர் தங்கும் வாடியில், வலைக்குவியல்களுக்கு நடுவே கூட்டம் நடந்தது. ஊரில் விடுதி நடத்துவோர் எழுவரும் வந்திருந்தனர். அவர்கள் சார்பில் பேசியவர் ஜெயரூபி. நான்கு அறைகளும், அவற்றுக்கு மேலாகக் குரலும் உடையவர்.

“ஊர்ப் பேரை வித்துச் சாப்பிடப் போறீங்களாம் தம்பி. அடுத்தது எங்கட வீட்டு இலக்கத்தையும் எடுத்து வைப்பீங்களோ?”

“நான் எடுக்கேக்க அது சும்மா கிடந்தது அக்கா. ஆரும் எடுத்திருக்கலாம்.”

“ஊர்ப் பேர் ஊருக்குச் சொந்தம்.”

“அப்ப கடல் ஆருக்குச் சொந்தம்?”

அந்தக் கரையில் வலை வளைப்பதற்கென வகுக்கப்பட்ட நீர்ப்பரப்பைப் ‘பாடு’ என்பார்கள். பாட்டில் பங்குள்ளவர்கள் முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராக வலை போடுவார்கள். அந்தப் பங்கு தந்தையிடமிருந்து மகனுக்கு வரும், சீதனமாகப் போகும், விலைக்கும் விற்கப்படும். அலியாரே முந்திய ஆண்டில் ஒரு பங்கை விற்று இளைய மகளின் கலியாணத்தை முடித்திருந்தார். அதனை எவரும் களவு என்றதில்லை.

“மாமா தண்ணிய அளந்தா குடுத்தவர்?” என்றார் றுவைஸ். “முறையத்தான் குடுத்தவர். என்ட தொழிலும் அதுதான்.”

அலியார் கையிலிருந்த மிதவைக் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப உன்ட பேரும் ஒரு பாடு எண்டுறாய்.”

“ஓம் மாமா.”

“யோசிச்சுச் சொல்லு மகன்.”

“பாடுதான் மாமா. எங்க வேணும் எண்டாலும் சொல்லுவன்.”

“சரி. பாடு வச்சிருக்கிறவன் முறை வந்தா வலை போடோணும். ஆறு வருசத்தில நீ என்ன போட்ட?”

அந்த முகவரியில் ஆறாண்டுகளாக இருந்தது ‘இப்பெயர் விற்பனைக்கு’ என்ற ஒரேயொரு வரி.

“போடாட்டி முறை அடுத்த ஆளுக்குப் போகும். உனக்குத் தெரியாத கதையில்லையே.”

ஒரு மணிநேரத்தில் தீர்ப்பு ஆயிற்று. பெயர் றுவைஸுடையதுதான் என்பதைச் சங்கம் ஏகமனதாக ஏற்றது. களவாளி என்று எவரும் சொல்லக்கூடாது. ஆனால் பாட்டுக்குரிய வழக்கம் பெயருக்கும் செல்லும். ஏழு விடுதிகளுக்கும் நாளுக்கொன்றாக ஏழு முறை, றுவைஸுக்கு எட்டாவது முறை. வெளியாளுக்கு விற்பதானால் முறைகாரர் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக அவர் சொல்லிவந்த நியாயத்தை ஊர் ஒரே மாலையில் முழுமையாக ஒப்புக்கொண்டது. அவ்வளவு முழுமையை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

அன்றுமுதல் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து, பெயரைத் தட்டுபவர் அன்றைக்கு எந்த விடுதியின் இணையப் பக்கத்தில் போய் விழவேண்டும் என்பதை மாற்றிவைப்பது அவர் கடமையாயிற்று. கூலி இல்லை. முறைப்பாடுகள் உண்டு.

“தம்பி, என்ட முறை நாளண்டு முழுநாளும் கரண்ட் இல்ல. ஒரு போனும் வரேல்ல. இன்னொரு நாள் தாங்கோ” என்று ஜெயரூபி கேட்டார்.

“மழைக்கு வலை போடாட்டி முறை திரும்பி வருமா அக்கா?”

“வராதுதான்” என்று ஒப்புக்கொண்டு, “இப்ப நல்லா மாமனாரைப் போலக் கதைக்கிறீங்கள்” என்றார் ஜெயரூபி. றுவைஸ் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

எட்டாம் நாளில் மட்டும் பழைய ‘விற்பனைக்கு’ வரி திரும்பிவரும். அதைக் கண்ட கொழும்பு நிறுவனம் விலையை இருமடங்காக்கியது. எட்டில் ஒரு பங்கே தம்மிடம் இருப்பதாகவும், வேண்டுமானால் வரிசையில் ஒன்பதாவதாகச் சேர்ந்துகொள்ளலாம் என்றும் றுவைஸ் எழுதினார். இது எந்தச் சட்டத்தின் கீழ் என்று நிறுவனம் கேட்டது. எந்தச் சட்டத்தின் கீழும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். பதிவு அவர் பெயரில் இருக்கிறது. ஒரு விரல் தட்டினால் பெயர் கொழும்புக்குப் போய்விடும். தடுப்பது வாடியில் அவர் வாயாலேயே சொன்ன ஒரு சொல். நிறுவனம் இறுதித் தவணை விதித்தது: ஓகஸ்ட் 5, நண்பகல்.

“எழுதின கடதாசி ஒண்டும் இல்லையே. வில்லுங்க” என்றாள் ஸஹ்ரா. “வாப்பா ரெண்டு மாசம் கதைக்கமாட்டார். பிறகு கதைப்பார்.”

ஓகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. றுவைஸ் காலையிலேயே இறக்கக்கண்டிக்குப் போனார். விற்பது என்று முடிவு செய்திருந்தார். மாமனாரிடம் நேரில் சொல்லிவிட்டு விற்பதே நியாயம் என்றும் முடிவு செய்திருந்தார். ‘சம்மதம்’ என்ற பதில் கைபேசியில் எழுதி ஆயத்தமாக இருந்தது. கடற்கரையில் வலை இழுபட்டுக்கொண்டிருந்தது. அலியார் ஒரு கயிற்றருகே நின்றார். பாட்டில் பங்கு விலைக்கு உண்டோ என விசாரிக்கப் புல்மோட்டையிலிருந்து வந்திருந்த முத்தலிப், சற்றுத் தொலைவில் மற்றக் கயிற்றருகே நின்றார்.

“மாமா, ஒரு கதை கதைக்கோணும்.”

“வலை மடி கரைக்கு வரட்டும் மகன்.”

முத்தலிப் இங்கே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஆர் ஹாஜியார் இவர்?”

“என்ட மருமகன்.”

“ஓ, அந்தப் போட்டோக்கொப்பிக் கடைக்காரரா?”

“அந்த மிஷின் பழுதாகி எவ்வளவு காலம்,” என்றார் அலியார், கயிற்றிலிருந்து கண் எடுக்காமல். “இவருக்கு ஒரு பாடு இருக்கு.”

றுவைஸ் கைபேசியைப் பிடித்தபடி நின்றார். நேரம் பதினொன்றரை கடந்திருந்தது.

“எத்தினையாவது முறை?” என்று முத்தலிப் கேட்டார்.

றுவைஸ் சொன்னது காற்றில் போய்விட்டது. கேட்கவில்லை என்று முத்தலிப் காதில் கைவைத்துக் காட்டினார்.

றுவைஸ் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, பெருவிரல்களை மடக்கி, மற்ற விரல்களை விரித்துக் காட்டினார்.

எட்டு.