ஒத்திகையில் இறந்தவள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெய்வேலியில் எங்கள் பிளாக் விளையாட்டு மைதானத்தில் நான் இறந்துபோனேன். நான்தான் இறக்கவேண்டும் என்பது முந்தின நாளே முடிவாகியிருந்தது.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. புயலோ தீயோ வந்தால், தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று எங்கள் பிளாக்கில் ஒரு தொண்டர் குழு அமைத்தார்கள். வீட்டு வரிசைக்கு ஒருவர் பெயர் கொடுக்கவேண்டும். பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். பெயர் கொடுத்தவர்களுக்கு ஷிப்ட் இருந்ததுதான் காரணம். எங்கள் வரிசைக்கு அப்பா பெயர் கொடுத்தார், அம்மா போனாள். ஆறு ஞாயிற்றுக்கிழமையும் பதிவேட்டில் அப்பாவின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றாள்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் அம்மா. வந்து பத்து வருடமாகியும் கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் தனியாகப் போனதில்லை. பயிற்சி தொடங்கிய பிறகு அவளுக்கு நடையே மாறிவிட்டது. தம்பிக்குத் தலைக்கட்டு, எனக்குக் கைத்தூளி என்று வீட்டில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் கட்டுப்போட்டுப் பழகினாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிய அப்பா மத்தியானம் எழுந்து பார்த்தால் அவர் முழங்காலில் ஒரு கட்டு இருந்தது. ஒன்றும் கேட்காமல், அதை அவிழ்க்காமலே உட்கார்ந்து சாப்பிட்டார்.

எங்கள் வீட்டு வேலைக்கு ஒரு அக்கா வருவாள். டவுன்ஷிப்புக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த குடிசைகளில் ஒன்று அவளுடையது. அவள் புருஷனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதும்தான் பேசிய வேலை. ஆனால் அம்மாவுக்குக் கை ஒழியாத காலைகளில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தான். இறுக்கிப் பின்னுவாள். சாயங்காலம்வரை ஒரு முடி கலையாது.

ஆறாவது வாரம் ஒத்திகை. கட்டடத்தில் தீப்பிடித்துச் சிலர் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளவேண்டும். காயம்பட்டவர்களாகப் பிளாக்கின் பிள்ளைகள் நடிப்பார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் அவரவர் நிலையை எழுதிய அட்டை தொங்கும். கால் எலும்பு முறிவு, தீக்காயம், மயக்கம் என்று எல்லா அட்டைகளுக்கும் ஆள் கிடைத்தது. "இறந்தவர்" என்ற அட்டையை மட்டும் எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு வாங்கச் சம்மதிக்கவில்லை. பயிற்சி கொடுத்த தீயணைப்பு அதிகாரி, இறந்தவரை விட்டுவிட்டு உயிருள்ளவரைத் தூக்கப் பழகுவதுதான் முக்கியமான பாடம் என்றார். கடைசியில் அம்மா, "எம்மவளுக்குப் போடுங்க சார்" என்றாள்.

எனக்குத் தீக்காயத்தின் மேல்தான் ஆசை இருந்தது. ஆனாலும் இதற்கு ஆள் கிடைக்காததே ஒரு பெருமையாகப் பட்டது. குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து என் நெற்றியிலும் கழுத்திலும் பூசினார்கள். யார் வந்தாலும் கண்ணைத் திறக்கக்கூடாது, பேசக்கூடாது, செத்தவர்கள் பேசமாட்டார்கள் என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள்.

விசில் ஊதினார்கள். ஈரச் சாக்கையும் வைக்கோலையும் போட்டுக் கொளுத்தியிருந்ததால் மைதானம் முழுக்கப் புகை. தீக்காயமும் மயக்கமும் சிரிப்பை அடக்கமுடியாமல் நெளிந்துகொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நான் நெளியவில்லை. என் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். வளையல் சத்தத்தில் அம்மா என்று தெரிந்தது. மணிக்கட்டைத் தொட்டுவிட்டு எழுந்துபோனாள். அதுதான் விதி. சரியாகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரம் கழித்து வேறு இரண்டு கைகள் என்னை அள்ளின.

வேலைக்கு வந்த அக்கா பூட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு ஒத்திகை என்று அவளிடம் சொல்ல அம்மா மறந்துவிட்டாள். புகையைப் பார்த்து மைதானத்துக்கு ஓடிவந்தவளுக்குத் தெரிந்தது, இரத்தத்தோடு மண்ணில் கிடந்த நான். அவளுக்கு எழுத்து தெரியாது.

என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின்ரோட்டைப் பார்த்து ஓடினாள். "பாப்பா, பாப்பா" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். என் காது அவள் கழுத்தில் அழுந்தியிருந்தது. உள்ளே திடுதிடுவென்று அடிப்பது கேட்டது. அவளும் தொண்டர் குழுவில் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எண்ணினேன். ஆனால் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை. உயிருள்ளவர்களை விட்டுவிட்டு இறந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாளே, அதிகாரி திட்டப்போகிறார் என்று அவளுக்காக வருத்தப்பட்டேன். சொல்லியிருப்பேன். செத்தவர்கள் பேசக்கூடாது.

பின்னால் விசில் சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்டன. அவள் திரும்பவில்லை. ரோட்டில் வந்த கம்பெனி பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றாள். "ஆஸ்பத்திரிக்கு வுடுங்க, புள்ள மூச்சு பேச்சில்லாம கெடக்குதுங்க" என்று அவள் சொன்னதும் டிரைவர் ஏற்றிக்கொண்டார். எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் போனது பஸ். அவள் மடியில் கிடந்த என் முகத்தில் சூடாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கன்னம் கூசியது. அப்போதும் நான் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பஞ்சால் என் நெற்றியைத் துடைத்தாள். பஞ்சை முகர்ந்து பார்த்திருப்பாள் போலும். பிறகு அட்டையைச் சத்தமாகப் படித்தாள். "இறந்தவர். பயிற்சிக்கு மட்டும்." சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்டி, போதும் எழுந்திரு என்றாள். ஒத்திகை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்த இடத்தில் உண்மையான இரத்தம் இருந்தது. எங்கோ கண்ணாடித் துண்டு உள்ளங்காலைக் கிழித்திருந்தது. அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். காலைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பாப்பா, நான் கூப்ட்டுகினேதான வந்தன். காதுல வுழுவலியா?"

"விழுந்துச்சுக்கா. செத்தவங்க பேசக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தீயணைப்பு ஜீப்பில் அம்மாவும் அதிகாரியும் வந்து இறங்கினார்கள். அம்மாவின் கையில் தொண்டர் பட்டை அப்படியே இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்து அக்காவின் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். அக்கா காலை இழுத்தாள்.

"வேணாங்கம்மா. காலெல்லாம் மண்ணு."

"பேசாம இருங்க," என்றாள் அம்மா.

அம்மா அவளை அதுவரை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நர்ஸ் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னதையும் அம்மா காதில் வாங்கவில்லை. மருந்தும் துணியும் மட்டும் கேட்டு வாங்கி, கழுவி, துடைத்து, கட்டுப்போட்டாள். ஆறு வாரமாக எங்கள் மேல் போட்டுப் பழகிய கட்டுதான், ஆனாலும் அன்று இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டவேண்டி வந்தது.

அடுத்த கூட்டத்தில், குடிசைகளில் இருப்பவர்களையும் பயிற்சிக்குக் கூப்பிடவேண்டும் என்று அம்மா எழுந்து சொன்னாளாம். குவார்ட்டர்ஸ் நம்பர் இல்லாதவர்களை எந்த வரிசையில் எழுதுவது என்று குழுவில் யாரோ கேட்டார்களாம். அதற்குப் பதில் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அதன்பின் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஒரு பையில் கட்டுத்துணிகளைப் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். அப்பா எங்களுக்குச் சோறு போட்டார்.

ஒத்திகை நடந்த அந்த வாரமே வைத்த பயிற்சி நிறைவு விழாவில் அப்பாவின் பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பரிசு இருந்தது. நடித்த பிள்ளைகளிலேயே சொன்னபடி நடந்துகொண்டவள் நான் ஒருத்திதான் என்று அதிகாரி மைக்கில் சொல்லி, மூடியில் மயில் படம் போட்ட பென்சில் டப்பா ஒன்றைக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா தட்டினாளா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். அக்கா, கட்டு நனையாமல் ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு டப்பாவை வாங்கித் திறந்து பார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாக்கீது பாப்பா. பத்தரமா வச்சிக்க."

எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதனால் நானே சொன்னேன்: கடைசிவரை அசையாமல் இருந்ததற்காக.

அவள் குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள். குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்று, மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.