சட்டைக்கு உபயம்

கோயில் மண்டபத்தில் அன்றைக்கு இருந்தவர்கள்: கோயில் தலைவர், லோரி வைத்திருக்கும் அவருடைய தம்பி, எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணி, கோயில் பொருளாளர், என் தாய்மாமன், கடைசி நாற்காலியில் நான். இல்லாதவர்கள்: அந்தச் சட்டைகளைப் போடப்போகிற நான்கு பெண்கள். என் அக்கா, அம்மா, பக்கத்து வீட்டு மாமியார், அவருடைய மருமகள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. நான்கு பேரும் மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். மீட்டிங்கை ஞாயிறு சாயங்காலம் வைக்கலாம், அவர்களும் வருவார்கள் என்று நான் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன்.

“பொம்பளைங்களுக்கு எதுக்கு மீட்டிங்கு? சைஸ் மட்டும் எழுதிக் குடுத்தா போதும் லா” என்றார் பொருளாளர்.

நான் சைஸ் எழுதிய தாளோடு போயிருந்தேன். அதைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். கியா பார்ம் என்ற ஊரில் ஸ்ட்ராபெரித் தோட்டம் வைத்திருக்கும் சீன முதலாளி ஒருவர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுகிறவர், தன் தோட்ட வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோசைக்கடை போட அக்காவுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. கடையில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட வேண்டும், சட்டையில் கடையின் பெயர் இருக்க வேண்டும். பள்ளி விடுமுறைக்குள் எல்லாம் தயாராக வேண்டும், இல்லையென்றால் இடம் சோளம் விற்கிறவனுக்குப் போய்விடும்.

கடைக்குப் பெயர் அக்காதான் வைத்தாள். ‘மூணாம் லயத்துத் தோசை’. நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையின் நம்பர் அது. அதை நெஞ்சில் நூலால் தைத்துப் போட வேண்டும் என்றாள். அச்சு வேண்டாம். எஸ்டேட்டில் வருடத்துக்கு ஒன்று கொடுக்கும் டீசட்டையில் கம்பெனிப் பெயர் அச்சில்தான் இருக்கும். நாலு தடவை துவைத்தால் உரிந்துபோகும்.

“நூல்ல போட்டா சட்டை கிழிஞ்சாலும் பேரு நிக்கும். பதினேழு வயசுலேருந்து கம்பெனி பேரப் போட்டுக்கிட்டுத் திரியறேன். ஒரு நாளாச்சும் நம்ம பேரு போட்ட சட்டையில நிக்கணும்டா” என்று அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ரோட்டில் காரை நிறுத்திவிட்டுக் கேட்காமல் கொள்ளாமல் படம் எடுத்துப் போகிறவர்களுக்கு, அவள் இருபது வருடமாகப் பெயரில்லாத ஒரு தொப்பி, ஒரு கூடை. அவ்வளவுதான்.

சட்டையின் நிறத்தையும் அவளே முடிவு செய்திருந்தாள். கத்திரிப்பூ நிறம். பச்சை மட்டும் வேண்டாமாம், “அதத்தான் நாள் பூரா பாக்குறோமே.”

இதில் கோயில் எங்கே வந்தது என்றால், தோசைக்கல்லும் பாத்திரங்களும் பெரிய அடுப்பும் கோயிலுடையவை. இரவல் கேட்கப் போன இடத்தில் தலைவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்: “பாத்திரம் எடுத்துக்கங்கம்மா. சட்டையும் நம்ம உபயம்.” வேண்டாம் என்றால் பாத்திரமும் வராது. அக்கா கும்பிட்டுவிட்டு வந்தாள்.

எங்கள் ஊரில் உபயம் என்றால் பெயர் வேண்டும். கோயில் மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். சுற்றும்போது படிக்க முடியாது, நின்றால் காற்று வராது. நாற்காலி முதுகில் பெயர். சாம்பார் அண்டாவின் வயிற்றில் பெயர். கரண்டியில்கூட ஒருவர் தன் தகப்பனார் பெயரைப் பொறித்துக் கொடுத்திருக்கிறார். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தும், மனுஷர் போடும் சட்டையில் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

“சட்டைக் கையில சின்னதா ‘உபயம்’னு போட்டு நம்ம பேரு” என்று தலைவர்தான் தொடங்கினார்.

“அண்ணன் பேரு மட்டும் வந்தா எப்படி? நானும் இருபது வெள்ளி குடுக்குறேன்” என்றார் லோரிக்காரர்.

ஆளுக்கு இருபது மலேசிய வெள்ளி, ஐந்து பேர், நூறு வெள்ளி. நான்கு சட்டைக்குச் சரியாக வந்தது. ஐந்து பெயர் கையில் அடங்காது என்று நான் சொன்னேன்.

“அப்ப நெஞ்சுல போடு” என்றார் தலைவர்.

“நெஞ்சுல கடைப் பேரு வரணும், மாமா. தவுக்கே சொல்லியிருக்காரு.”

“கடைப் பேரு முதுகுல போடு. முதுகு எவ்வளவு பெருசா இருக்கு.”

“கடையில நிக்கிறவங்க முதுக யாரு பாப்பாங்க? பின்னால தகரம்தானே இருக்கு?”

“படிச்ச புள்ள. எல்லாத்துக்கும் கேள்வி கேக்கும்” என்றார் கிராணி. அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தன் பெயருக்கு முன்னால் ‘முன்னாள் கிராணி’ என்று வர வேண்டும் என்றார். உடனே தலைவருக்குத் ‘தலைவர்’ வேண்டும், பொருளாளருக்குப் ‘பொருளாளர்’ வேண்டும். லோரிக்காரர் கொஞ்சம் யோசித்து ‘போக்குவரத்துத் தொழிலதிபர்’ என்றார். ஒரு லோரி. அதுவும் பாதி நாள் பட்டறையில் நிற்கும்.

நான் மாமனைப் பார்த்தேன். போடப்போவது அவருடைய கூடப்பிறந்த அக்கா, என் அம்மா. அந்தச் சட்டையில் தன் பெயர் எதற்கு என்று அவராவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல், “என் பேரக் கடைசில போட்ராதீங்க” என்றார்.

நிறம் மஞ்சள் என்று முடிவானது. மங்களகரமாம்.

சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அக்கா கொதிக்கும் உலைக்கு முன்னால் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னேன். சிரிச்சாங்க.”

“நான் போய்க் கேக்கட்டா?”

“கேட்டா பாத்திரம் தர மாட்டாங்க” என்றார் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மேடை ஏறிப் பேசியிருக்கிறேன். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் விவாதம் செய்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் படித்தவன் செய்த வேலை, அந்த ஐந்து பெயர்களையும் பட்டங்களோடு மடிக்கணினியில் தட்டியதுதான்.

தானா ராத்தாவில் எம்பிராய்டரிக் கடை வைத்திருக்கும் சீன அம்மா, நான் கொடுத்த தாளைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குப் புதிது. மலாயில்தான் பேசினோம். தையல் எத்தனை குத்து விழுகிறதோ அதற்குத்தான் விலை என்று விளக்கினார். வளைவும் சுழியும் நிறைய, பெயர்களும் நிறைய, கொஞ்சம் சட்டைதான், அதனால் விலை ஏறும் என்றார். அவர் தட்டிக் காட்டிய கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தலைவருக்கு போன் போட்டேன்.

“மாமா, பேரு தைக்கிற கூலி சட்டை வெலையத் தாண்டுது. பேர எடுத்துட்டா கடைப் பேரு தைக்கிறதோட முடிஞ்சிரும்.”

“பேரு இல்லாம உபயம் ஏதுப்பா? போடச் சொல்லு. டூயிட்ட பத்தி நீ ஏன் கவலப்படுற? காசுதானே?”

சட்டைகள் வந்தன. நல்ல வேலை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நூல் பிசிறில்லை. இடப்பக்க நெஞ்சிலிருந்து வலப்பக்கம்வரை ஐந்து பெயர்களும் பட்டங்களும் சிவப்பு நூலில் கெட்டியாக நின்றன. அம்மா போட்டுப் பார்த்தார். அவருடைய தம்பி பெயர் அவர் மார்புக்கு நடுவில் இருந்தது. தைத்த கூலியை வாங்க நான் பொருளாளரிடம் போனேன்.

“கமிட்டி பாஸ் பண்ணது சட்டைக்கு. தையலுக்கு இல்லையே” என்றார்.

“பேரு உங்களோடதுதானே, அண்ணே?”

“சட்டை அவங்களோடதுதானே?”

அந்தக் கூலியை நான்கு பெண்களும் போட்டுக் கொடுத்தார்கள். மலையில் நின்று வெட்டிய காசில், அங்கே வராதவர்களின் பெயரைத் தங்கள் மார்பில் தைக்கக் கூலி கொடுத்தார்கள்.

விடுமுறைக்கு முந்தின வாரம் அக்காவும் நானும் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு தவுக்கேயைப் பார்க்கப் போனோம். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு விரித்துப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார். ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன்.

“இந்த அஞ்சு பேரும் தோசை சுடப் போறாங்களா?”

“இல்ல, தவுக்கே.”

“இவங்கதான் கடை முதலாளியா?”

“இல்ல.”

“அப்ப யாரு?”

அக்கா தரையைப் பார்த்தாள். அவர் சட்டையைத் திருப்பி முதுகைப் பார்த்தார். அங்கே கடைப் பெயருக்குக் கீழே தோசை என்ற சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டிருந்தோம், அதைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இது முன்னால வரணும். யாரு கடைன்னு வர்றவங்களுக்குத் தெரியணும். ஞாயித்துக்கெழம இப்படியே வந்தீங்கன்னா, சோளக்காரன கூப்பிட்ருவேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா சட்டையிலிருந்த பெயர்களை நகத்தால் கீறிக்கொண்டே வந்தாள். பிரிஞ்சாங் தாண்டியதும், “பிரிச்சு எடுக்க முடியாதா?” என்று கேட்டாள். நேராக எம்பிராய்டரிக் கடைக்குப் போனோம். பிரித்தால் ஊசி போன ஓட்டை எல்லாம் அப்படியே தெரியும், துணியே சல்லடையாகிவிடும் என்றார் சீன அம்மா. பிறகு உள்ளே போய் ஒரு துணிக்கட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதில் கடைப் பெயரைத் தைத்து, ஐந்து பெயருக்கும் மேலே ஒட்டுப் போட்டு மூடிவிடலாம் என்றார்.

அக்கா அந்தக் கட்டில் கைவிட்டுத் துழாவினாள். கத்திரிப்பூ நிறத்தை வெளியே இழுத்தாள்.

“இதுல போடுங்க.”

அந்தக் கூலிக்கும் நான்கு பெண்களுமே காசு போட்டார்கள்.

முதல் ஞாயிறு கூட்டம் பரவாயில்லை. குளிரில் வந்தவர்கள் தோசைக்கல்லைச் சுற்றியே நின்றார்கள். ஒரு மலாய்க் குடும்பம் அக்காவின் நெஞ்சைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டது; நான் வாசித்ததும், ‘மூணாம் லயம்’ என்றால் என்ன என்று அவளைக் கேட்டது. “எங்க வீடு” என்றாள். மலாயில்தான் சொன்னாள், ஆனால் அவள் சொன்ன மாதிரி நான் அந்த மொழியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பதினொரு மணிக்குத் தலைவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு தோசையும் ஒரு தேத்தண்ணியும் கேட்டார். சாப்பிட்டு முடிக்கும்போதுதான் ஒட்டுத் துணி அவர் கண்ணில் பட்டது.

“நம்ம பேரெல்லாம் எங்கம்மா?”

“உள்ளதான் இருக்கு, அண்ணே. வெயில் படாம பத்திரமா இருக்கு” என்றாள் அக்கா. பக்கத்து வீட்டு மருமகள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“கோயில் பேர மறைக்கலாமா?”

“கோயில் பேரு எங்கண்ணே இருந்துச்சு? அஞ்சு ஆம்பளைங்க பேருதானே இருந்துச்சு.”

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். கல்லு கோயிலோடது என்பதை நினைவு வைத்துக்கொள்ளச் சொன்னார். காசு கொடுக்காமல் காரில் ஏறினார். நான் பின்னாலேயே போய்க் கேட்கப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் பாத்திரங்களைத் தேய்த்து வேனில் ஏற்றிய பிறகு அக்கா கணக்குச் சொன்னாள். அந்த ஐந்து பேர் கொடுத்த நூறு வெள்ளியை அவள் சேர்க்கவில்லை, அது அவர்கள் உபயம். பெயர்களைத் தைக்க நூற்று இருபத்தெட்டு. அந்தப் பெயர்களை மூட அறுபது. முடிந்தது என்று நான் நினைத்தேன்.

“தலைவரு தின்ன தோச?” என்றாள். அது ஏழு.

இலவசமாகக் கிடைத்த நான்கு சட்டைகளுக்கு அந்தப் பெண்கள் கொடுத்தது நூற்றுத் தொண்ணூற்றைந்து வெள்ளி.