ஐஸ் பெட்டிக்குள் ஒரு கல்லறை

நாலு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சபையில் நான் சண்டே ஸ்கூல் எடுத்துக்கொண்டிருந்தேன். கதை சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அன்றைக்கு, பெரிய கல்லால் அடைத்த கல்லறையிலிருந்து இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த கதை. மேஜை மேல் போர்வையைப் போட்டுக் கல்லறையாக்கி, நானே உள்ளே படுத்து எழுந்து வந்தேன். பிள்ளைகள் ஒரே கைதட்டல்.

வகுப்பு விட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு அம்மா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, ஆறு வயது மகள் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்றார். ஒரு பக்கம் லாரி ஓயாத ரோடு, இன்னொரு பக்கம் கடல்.  ஆளுக்கொரு திசையில் ஓடினோம்.

மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் என் வகுப்புச் சிறுமிகள் இரண்டு பேர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, நல்ல வெயிலில், மீன் ஏற்றும் பெரிய காலி ஐஸ் பெட்டி. மூடியில் கொக்கி மாட்டியிருந்தது.

"அவ எங்கடி?"

"உள்ள கீறாக்கா. செத்துப் பூட்டா. மூணாவது நாள் எய்ந்து வருவா."

பத்துத் தடவை நூறு எண்ணினால் ஒரு நாளாம். இரண்டாவது நாள் நடந்துகொண்டிருந்தது. கொக்கி இறுகிப்போய் அசையவே மாட்டேன் என்றது. செருப்பைக் கழற்றி அடித்துத்தான் திறந்தேன். குழந்தை வேர்வையில் நனைந்து, கண் செருகிக் கிடந்தாள். வெளியே தூக்கி முகத்தில் தண்ணீர் தெளித்தேன். அசைவில்லை. மறுபடி தெளித்தேன். இருமினாள், பிறகு வீறிட்டு அழுதாள். 

"உள்ளேர்ந்து தட்டலையாடி அவ?"

"தட்டிக்கினேதான் இருந்தா. தேவதூதன்தானே வந்து தொறக்கணும்? மனுசங்க யாரும் கல்லத் தொடலன்னு நீதானக்கா சொன்னே!"

சொல்லியிருந்தேன். விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தேன்.

அதற்குள் ஓடி வந்த அம்மா, அந்தச் சிறுமிகளை அடிக்கக் கையை ஓங்கினார். குறுக்கே போய் நின்று, தப்பு என்னுடையது என்றேன். அவர் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். அவமானத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கதையை இப்போதும் சொல்கிறேன்; ஆனால் யாராவது உள்ளேயிருந்து தட்டினால் தேவதூதனுக்காகக் காத்திருக்காமல் நாமே திறந்துவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் திருப்பிச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு அனுப்புகிறேன்.