பெயரில்லாத நிபுணர்

பால்டிக் கடலுக்கடியில் மறுபடியும் ஒரு கேபிள் சேதமாகியிருந்தது. கப்பல் நங்கூரம் தெரியாமல் உரசியதா, யாராவது வேண்டுமென்றே இழுத்தார்களா என்று அரசுகள் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்தன. நாளிதழுக்காக அந்தச் செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்த நான், கீழ்பென்னாத்தூர் ஏழுமலையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்று கைபேசியை எடுத்தேன். அதே நேரம் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. "நூறு ஆயுசு உங்களுக்கு, இப்பதான் கூப்பிட இருந்தேன்" என்றேன். மறுமுனையில் பேசியது அவர் மனைவி மல்லிகா. காலையில் கொல்லைக்குப் போய்விட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் சொன்ன வாழ்த்து அந்தம்மா காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலர் அவரை மணிலாக்கடலை பயிரிடும் விவசாயியாக அறிவீர்கள். சிலர் 'கப்பல்காரர்' என்பீர்கள். கப்பலில் அவர் என்ன செய்தார் என்று கேட்டவர்கள் குறைவு. கடலுக்கடியில் எரிவாயுக் குழாய் பதிக்கும் கப்பல்களில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஒரு குழாய்த்துண்டோடு இன்னொன்றைப் பற்றவைத்து முடித்ததும், அந்த இணைப்பில் கீறல், காற்றுக்குமிழி ஏதாவது இருக்கிறதா என்று மீயொலி (அல்ட்ராசவுண்ட்) கருவியின் திரையில் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால் குழாய் கடலுக்குள் இறங்கிவிடும். அதன்பிறகு அதை மனிதக் கண் பார்க்காது.

ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுபோன குழாய்கள் பால்டிக் கடலடியில் உடைந்த அன்று, நான்தான் அந்தச் செய்தியையும் மொழிபெயர்த்தேன். பத்தியில் இரண்டு வரி இடம் மிஞ்சியது. பக்கத்தை முடிக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "இணைப்புகளின் பற்றவைப்பில் குறை இருந்திருக்கலாம் என்றும் நிபுணர்கள் கருதுகின்றனர்" என்று சேர்த்து அனுப்பினேன். எந்த நிபுணரும் அப்படிச் சொல்லவில்லை. வாக்கியம் பார்க்க லட்சணமாக இருந்தது, இடமும் நிரம்பியது. அன்று எனக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, பௌர்ணமி அன்று, அலுவலகத்தில் விலாசம் கேட்டுக்கொண்டு, அடி அண்ணாமலையில் உள்ள என் வீட்டைத் தேடி முதல்முறையாக வந்தார் ஏழுமலை. பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டதால் கிரிவலக் கூட்டத்தோடு நடந்தே வந்திருந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த என் செய்தியை எடுத்து மேசையில் வைத்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "எல்லாரும் நாசவேலைன்னு சொல்றாங்க சார். உங்க நிபுணர் மட்டும் வேற மாதிரி சொல்றாரு. அவரு யாருங்க? ஏதாவது பார்த்துத்தானே சொல்லியிருப்பாரு?" என்று கேட்டார். நான் செய்தி நிறுவனம் பெயர் கொடுக்கவில்லை என்றேன். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது. காபியைக் குடித்துவிட்டு, விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது இரண்டு மூன்று சந்திப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழாயைப் பதித்த கப்பல்களில் ஒன்றில் அவர் இருந்திருக்கிறார். ஒருநாள் வேலைக்கு நிற்கும்போது ஊரில் அப்பா இறந்த செய்தி வந்தது. நடுக்கடல், மாற்று ஆள் கிடையாது. ஹெலிகாப்டர் வர நாளாகும். எப்படியும் கொள்ளி வைக்க முடியாது என்று தெரிந்ததும் திரும்பிப் போய் இருக்கையில் உட்கார்ந்து மீதி நேரத்தை முடித்திருக்கிறார். "அன்னிக்கு எத்தனை ஜாயிண்டுக்கு ஓகே போட்டேன்னு ஏட்டுல இருக்கு. ஆனா ஒண்ணையாவது பார்த்தேனான்னு ஞாபகம் இல்ல சார். திரை முழுக்க எங்கப்பா மூஞ்சிதான் இருந்துச்சு" என்றார். குழாய் உடைந்த செய்தியைப் படித்ததிலிருந்து அவர் கண்முன்னே நின்றவை அந்த இணைப்புகள்தான். என் இரண்டு வரி அதற்கு ஒரு சாட்சியைச் சேர்த்திருந்தது.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வேறு எது? அவர் என்மேல் வைத்த மதிப்பு போய்விடுமே என்று தள்ளிப்போட்டேன். இதற்குப் பெயர் கோழைத்தனம், வேறு நல்ல பெயர் இல்லை.

அவர் வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு அந்தச் சமையற்கட்டு ஞாபகம் இருக்கும். கேஸ் அடுப்பு, கரண்ட் அடுப்பு, பின்கட்டில் விறகு அடுப்பு. மூன்றும் தினமும் எரிய வேண்டும் என்பது அவர் சட்டம். "ஊருல கேஸ் வந்தும் புகையில கண்ணைக் கசக்குறவ நான் ஒருத்திதான்" என்று மல்லிகா என்னிடம் முறையிட்டிருக்கிறார். ஏழுமலை அசரமாட்டார். "ஒரே குழாயில வாயை வச்சிக்கினு இருந்தா, குழாய்க்காரன் கோவிச்சாலும் பட்டினி, குழாய் உடைஞ்சாலும் பட்டினி" என்பார். ஒரு கண்டமே அப்படித்தான் மாட்டிக்கொண்டது என்பார். வெடி வைத்தது எந்த நாடு என்று டீக்கடையில் நாங்கள் அடித்துக்கொள்ளும்போது, யார் உடைத்தாலும் குளிரில் உட்கார்ந்தவன் உடைக்கவில்லை என்று மட்டும் சொல்வார்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வருடாவருடம் அறை எடுத்துத் தங்கும் ஜெர்மன் பெண்மணி ஒருவரை எனக்குத் தெரியும். ஏழுமலை கேட்டதால் ஒருமுறை அவரிடம் அழைத்துப்போனேன். தன் தாய் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு, கோட்டைக் கழற்றாமலே இருந்ததாக அவர் சொன்னார். அரசியல்வாதிகளைத் திட்டினார், தன் நாடு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரே கையை நம்பியதையும் திட்டினார். ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து, கைகூப்பி, மன்னிப்புக் கேட்டார். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் வணக்கம் சொல்கிறார் என்றேன்.

உடைந்த இடத்தில் வெடிமருந்தின் தடயம் கிடைத்ததாகச் செய்தி வந்தபோது உடனே அவரை அழைத்தேன். "அப்பாடா, சந்தோஷமா இருக்கு சார்" என்றார். ஒருமணி நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். இத்தனை பேருக்குக் கேடு நினைத்து ஒருவன் வெடி வைத்தான் என்று கேட்டுத் தான் சந்தோஷப்பட்டுவிட்டதாகவும், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இத்தனை நாள் சொல்லவில்லை. அவரை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இப்போது சொல்கிறேன்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. உடைந்த இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை என்னிடம் கேட்டு வாங்கினார். கப்பலில் இருந்தபோது தினமும் கப்பல் நின்ற இடத்தைத் தன் டைரியில் குறித்துவைத்தவர் அவர். இரண்டையும் வைத்து என் மேசையிலேயே வரைபடத்தில் புள்ளி போட்டார். வெடிப்பு நடந்தது டென்மார்க் தீவு ஒன்றின் அருகே. அப்பா செத்த நாளின் இணைப்புகள் வெகு தூரம் கிழக்கே, பின்லாந்துப் பக்கம். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவர் வரைபடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்போ அதெல்லாம் இன்னும் கீழதான் இருக்கு" என்றார். "குழாயில கேஸும் இல்ல. இனிமே யாரும் அழுத்தம் ஏத்திப் பார்க்கப் போறதில்ல. நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு தெரியாமலே நான் போயிடுவேன். உங்க நிபுணரு ஒருத்தருக்குத்தான் அது தெரியும் போல."

அப்போதும், இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். சாகும்வரை அவர் அந்த நிபுணரை நம்பினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், வேறு பேச்சுக்கு நடுவில், பெயர் ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். இல்லாத மனிதனைத் தேடி ஒரு நல்ல மனிதர் வருடக்கணக்கில் என் வீட்டுக்கு நடந்தார்.

சாவு வீட்டில் உறவுக்காரர் ஒருவர் நான் யாரென்று விசாரித்தார். மல்லிகா அழுகையை நிறுத்திவிட்டு அவருக்குப் பதில் சொன்னார். "பேப்பர் சார். மத்தவங்கல்லாம் ஆறுதலுக்குப் பேசுவாங்க, இவரு ஒருத்தர்தான் எங்கிட்ட பொய் பேசலன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கினே இருப்பாரு." நான் மாலையைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

ஏழுமலையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் கொடுத்த அந்த நற்சான்றுதான். பார்க்காமல் போட்ட கையெழுத்துக்காக அவர் கடைசிவரை நடுங்கினார். நானும் பார்க்காமல்தான் எழுதினேன், நடுங்கவில்லை. மல்லிகா அம்மா, அப்படி ஒரு நிபுணர் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் வேலையில் குறை இருந்ததாக உலகத்தில் எவரும் சொன்னதில்லை, என்னைத் தவிர. பதினாறாம் நாள் காரியத்துக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே இந்த இதழ் உங்கள் கைக்கு வந்துவிடும். காலையிலேயே வந்து வாசலில் நிற்பேன்; உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இஷ்டம்.