பதினேழாம் சீட்டு

அண்ணன் என்னை "பஸ்ஸு" என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் இருப்பதே பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள். அதில் ஒன்றை எனக்கு ஒதுக்கியிருக்கிறான் என்று பெருமைப்படலாம்தான். ஆனால் காரணம் அவ்வளவு அழகானதல்ல. ஏழாம் வகுப்பை விட்டு ஓடிய நாளிலிருந்து நான் ஊருக்கு வருவதும் பஸ்ஸில், போவதும் பஸ்ஸில். மீஞ்சூரில் கம்பி கட்டினேன். ஆரம்பாக்கத்துப் பக்கம் பரோட்டாவுக்கு மாவு அடித்தேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போய், அங்கே காலை உடைத்துக்கொண்டு திரும்பினேன். எந்த வேலையும் ஒரு வருடம் தாங்கவில்லை. "வேல தாங்கலயா, உன்ன தாங்கலயா?" என்று அம்மா கேட்பாள்.

அண்ணனுக்கு நாற்பது வயது. அறிவு வளர்ச்சி குறைவு என்று அவனுடைய மாற்றுத்திறனாளி அட்டையில் எழுதியிருக்கிறது. ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள். அந்த வார்த்தைகளை இங்கே எழுதத் தேவையில்லை, உங்கள் ஊரிலும் அதே வார்த்தைகள்தான். அடிப்பான், கடிப்பான், கையில் கிடைத்ததை எறிவான். என் மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. அது அவன் எறிந்த சொம்பு.

இப்படிப்பட்டவர்களுக்கு ஏதோ ரகசியத் திறமை இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒருவர் என்னிடமே கேட்டார். இல்லை. அண்ணனுக்குக் காற்றின் திசை தெரியாது, மீன் எங்கே கிடக்கும் என்று தெரியாது. படகில் உட்கார்ந்து கழியைப் பிடித்துக்கொண்டிருப்பது பிடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர்மேல் இருக்கும்வரை யாரையும் அடித்ததில்லை. எனக்கும்தான் ஒரு திறமையும் இல்லை. என்னிடம் யாரும் கேட்பதில்லை.

பிரச்சினை 'பாடு' விஷயத்தில் வந்தது. பழவேற்காட்டு ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிச் சில வாய்க்கால்கள் உண்டு. கடல் தண்ணீர் ஏறி இறங்கும்போது அங்கே கழி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். எல்லோரும் ஒரே நாளில் போனால் இறாலைவிட மண்டைகள்தான் அதிகம் அகப்படும். அதனால் முறை வைத்துக்கொண்டு போகிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் ஊரில் மீசை முளைத்த ஒவ்வொருவனுக்கும் ஒரு பாடு. வருடத்துக்கு ஒருநாள் கோயில் வாசலில் கூட்டம் போட்டுச் சீட்டுக் குலுக்குவார்கள். அவனவன் சீட்டை அவனவன் கையால் எடுக்க வேண்டும். என்ன எண் வருகிறதோ அதுதான் வரிசை.

வருடம் முழுக்க ஊரில் இல்லாத எனக்குப் பாடு இருந்தது. சீட்டு நாளுக்கு மட்டும் வந்து கையை விட்டு எடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். என் முறைக்குத் தங்கச்சி புருஷன், அதாவது மச்சான், போய் வலை கட்டுவான். பொன்னேரியைத் தாண்டாத, ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத அண்ணனுக்குப் பாடு இல்லை.

ஒரே ஒருமுறை முயற்சி நடந்தது. மீசை முளைத்த வருடம் நைனா அவனைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மைக் 'கீ' என்று அலறியது. அண்ணன் எழுந்துபோய் அதைப் பிடுங்கி, பேசிக்கொண்டிருந்தவர் தலையில் அடித்தான். "கூட்டத்துல கலாட்டா பண்றவனுக்குப் பாடு கெடையாது" என்று அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நைனா செத்துப்போனார், அடி வாங்கியவரும் செத்துப்போனார், சட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது.

போன வருடம் அம்மாவின் முழங்கால் போய்விட்டது. அண்ணனைக் குளிப்பாட்டவோ, அவன் ஓடினால் பின்னால் ஓடவோ அவளால் முடியவில்லை. ஊர்த் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "பேசாம எங்கனா ஆஸ்டல்ல சேத்துடுங்களேன், அவனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது" என்றார். அவனுக்கு எப்படி நல்லது என்று அவர் சொல்லவில்லை.

கணக்கு எனக்குப் புரிந்தது. பாடு உள்ளவனைப் படகில் ஏற்றிக்கொள்ள ஆள் வரும், பிடித்ததில் பாதி வீட்டுக்கு வரும். பாடு இல்லாதவனை இரக்கப்பட்டு நாலு நாள் ஏற்றுவார்கள், ஐந்தாம் நாள் ஆஸ்டல்.

அட்டையைப் புதுப்பிக்கப் பொன்னேரியில் நடந்த முகாமுக்கு அவனைக் கூட்டிப் போனேன். ரயிலடியில் ஒருவரைக் கடித்துவிட்டான். முகாமில் சோதித்துப் பார்க்க உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், அவனைப் பார்க்காமல் என்னைத்தான் ரொம்ப நேரம் விசாரித்தார்.

"எப்ப அடிப்பாரு?"

"எப்ப வேணா அடிப்பான்மா. சொல்லவே முடியாது."

"அப்படி யாரும் அடிக்கறதில்லப்பா. ஒரு பக்கம் அவரு இன்னா பண்ணாருன்னு எழுது. இன்னொரு பக்கம், அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சுன்னு எழுது. ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டா."

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஏழாம் வகுப்பு எழுத்து. 'சொம்பு எறிந்தான். அதற்கு முன்: மளிகைக்கடை திறப்புவிழா ஸ்பீக்கர்.' 'மச்சானைக் கடித்தான். அதற்கு முன்: மச்சான் பின்னாலிருந்து தோளில் கை வைத்தான்.' 'சோற்றுத் தட்டைக் கவிழ்த்தான். அதற்கு முன்: அப்புறம் தருகிறேன் என்று அம்மா சொன்னாள்.' ஒரு மாதத்தில் நாலே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. சத்தம், பின்னாலிருந்து தொடுவது, 'அப்புறம்' என்ற சொல். நாலாவது, என் பை. நான் துணிப்பையை ஆணியிலிருந்து எடுக்கும் நாளெல்லாம் அவன் தன் மண்டையைச் சுவரில் இடித்திருக்கிறான். பையைப் பரணில் போட்டேன். கொஞ்ச நாள் ஊரிலேயே கிடந்தேன்.

தாளில் இல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சில வருடம் முன்பு திருவிழாவில் அவன் மேளக்காரரை அடித்தபோது, வலைக்கயிற்றால் அவனைப் படகோடு சேர்த்துக் கட்டியது ஊர்க்காரர்கள் இல்லை, நான்தான். சாமி ஊர்வலம் முடியும்வரை கட்டியே வைத்திருந்தேன். முடிச்சு நன்றாகப் போட்டிருக்கிறேன் என்று நாலு பேர் பாராட்டினார்கள்.

இந்த வருடம் சீட்டுக்கு முன்னால் தலைவரிடம் போனேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து மைக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய சொந்த மைக். மனைவியிடம்கூட அவர் அதில்தான் பேசுவதாக ஊரில் கேலி.

"அண்ணனுக்கும் ஒரு சீட்டு போடணும் தலைவரே."

"சட்டம் இன்னான்னு தெரியும்ல? கலாட்டா பண்ணா பாடு கெடையாது."

"போன வருசம் நீங்களும் உங்க சகலையும் வேட்டி அவுந்து உருண்டீங்களே, அது இன்னா?"

"அது... கருத்து வேறுபாடுபா."

"அண்ணனுக்கும் மைக்கோட கருத்து வேறுபாடுதான். மைக்க நிறுத்துங்க, அவன் சும்மா இருப்பான்."

"மைக் இல்லாம எப்பிடிடா கூட்டம் நடத்தறது?"

"நாப்பத்தோரு ஆம்பள. பத்தடி தூரம். வாயாலதான்."

என் முகத்தில் மீதியிருந்த பற்களைப் பார்த்தபடி யோசித்தார். "கலாட்டான்னு ஒண்ணு நடந்துச்சு, இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆஸ்டல்தான்" என்றார். ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டது அண்ணன் சார்பில். அவனை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து நாள் ஒத்திகை. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் மடித்த சீட்டுகள். முன்னால் வந்து நிற்பேன், குடத்தைக் காட்டுவேன், அவன் கையை விட்டு ஒன்றை எடுப்பான். எடுத்ததும் கையில் ஒரு கமர்கட்டு வைப்பேன், வாயில் போட்டுக்கொள்வான். பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு செய்தான். நான் ஏழாவதோடு நிறுத்தாமல் வாத்தியாராகியிருக்கலாம் என்று தோன்றியது.

சீட்டு நாள், காலை பத்து மணி. மைக் இல்லை. தலைவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். காத்திருக்க வைக்காமல் அண்ணனை முதல் ஆளாக விடச் சொல்லியிருந்தேன். யாரும் அவன் பின்னால் நிற்கவில்லை. பொம்பளைகளுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்பதால் அம்மா கோயில் மதிலுக்கு அந்தப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை மட்டும் தெரிந்தது.

தலைவர் குடத்தை நீட்டினார். அண்ணன் கையை விட்டான். ஒரு சீட்டை எடுத்தான். நான் கமர்கட்டோடு இரண்டடி தள்ளி நின்றேன். அந்த இரண்டடியை அவன் பொறுக்கவில்லை. சீட்டை வாயில் போட்டு, இரண்டு மெல்லு மென்று, விழுங்கிவிட்டான்.

நாற்பத்தோரு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"சீட்ட காட்டலன்னா செல்லாது!"

"அதான் தின்ட்டானே!"

"அப்ப அவன் இல்லாம மறுபடி குலுக்கு!"

"சட்டப்படி சீட்டப் பிரிச்சு எல்லாருக்கும் காட்டணும்" என்றார் தலைவர்.

"நாளிக்குக் காலைல வாங்க தலைவரே, காட்டறோம்" என்றேன். "பிரிச்சு நீங்கதான் படிக்கணும்."

பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் என்னை அடிக்க வந்தார்கள். சட்டை பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. இந்தக் கலாட்டாவின் நடுவில் அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கமர்கட்டுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். உடம்பு ஆடியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் குடம் யார் தலையிலாவது இறங்கும் என்று எனக்குத் தெரியும். கமர்கட்டைக் கொடுத்தேன்.

மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவளுக்கு எப்போதும் மைக் தேவைப்பட்டதில்லை.

"யோவ் தலைவரே! கலாட்டா பண்றவனுக்குப் பாடு கெடையாதுல்ல? இப்ப யாரு பண்றது? வாயத் தொறக்காம நிக்கறவன் எம்புள்ள ஒருத்தன்தான். அப்ப மொத்த வாய்க்காலும் அவனுக்கே எழுதுங்க."

சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"இதுக்குப் போயி மண்டய ஒடச்சிக்கிறீங்க. மிச்சம் இருக்கறத எல்லாரும் எடுத்துப் பிரிங்கடா. எந்த நம்பரு யார்கிட்டயும் இல்லயோ, அது அவன் வயித்துல கீது."

தலைவர் குடத்தை அடுத்த ஆளிடம் நீட்டினார். ஒவ்வொருவராக எடுத்தார்கள். மச்சானுக்கு நாலு. எனக்கு முப்பத்தொன்பது. கடைசி ஆள் பிரித்து முடித்ததும் தலைவர் ஒன்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பதினேழுக்கு யாரும் கை தூக்கவில்லை. அவர் இரண்டாம் முறை கூப்பிட்டார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் கமர்கட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான். நோட்டில் பதினேழுக்கு நேராக அவன் பெயரை எழுதினார்கள். அவனுடைய முழுப்பெயர் என்ன என்று என்னிடம் கேட்டுத்தான் எழுதினார்கள்.

பதினேழாம் நாள் விடிந்ததும் கரைக்குப் போனோம். மச்சான் வலையை ஏற்றி, படகில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தான். அண்ணன் நடுவில், கழியைப் பிடித்துக்கொண்டு. அவன் பாடு நாளில் நான் கூடப் போவதுதானே முறை, இத்தனை பாடுபட்டவன் நான்தானே என்று பின்பக்கமாக ஏறினேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். கழியின் மறுமுனையை என் மார்பில் வைத்து ஒரே தள்ளு. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் மல்லாந்து விழுந்தேன். "பஸ்ஸு" என்று சொல்லி, ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

"ஏறட்டுமா வேணாமான்னு கேக்கறேன், இரு" என்று மச்சான் சிரிப்புக்கு நடுவில் சொன்னான். "ஏன்டா, உன் தம்பி வரலாமா?"

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தான். "வேணாம்" என்றான்.

படகு போய்விட்டது. வாயிலிருந்த சேற்றைத் துப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கேள்விப்பட்டு அம்மா சிரித்த சிரிப்பில் அவள் முழங்கால் வலி இரண்டு நாள் குறைந்திருந்தது. துணியை மாற்றிவிட்டு, அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன்.

'படகிலிருந்து தள்ளினான். அதற்கு முன்: கேட்காமல் ஏறினேன்.'